ராஜினாமாவுக்கு முன் ஒரு கோப்பையின் கணக்கு

பெயர் வெளியிட விரும்பாத வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அவருக்கு வயது 41. பெரிய நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் 16 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறார். ஆறு ஆண்டுகளுக்கு முன் வார இறுதி வகுப்பில் மண்பாண்டம் வனையக் கற்றுக்கொண்டார். இப்போது வீட்டின் பின்னறையில் சிறிய சக்கரம் ஒன்றை வைத்துக் கோப்பை, கிண்ணம், பூச்சாடி எல்லாம் வனைகிறார். சுடுவதற்கு மட்டும் வேறொருவரின் சூளைக்குக் கொண்டுபோகிறார். நண்பர்களும் சக ஊழியர்களும் விரும்பி வாங்குகிறார்கள். சென்ற ஆண்டு ஒரு கண்காட்சிக்கு எடுத்துப்போன அத்தனையும் ஒரே நாளில் விற்றுத் தீர்ந்தன.

ஒன்றரை ஆண்டுக்கு முன் அலுவலகத்தில் புதிய மேலாளர் வந்தார். அவர் பலர் முன்னிலையில் கடிந்துகொள்கிறார், நள்ளிரவில் செய்தி அனுப்புகிறார். ஞாயிறு மாலை வந்தாலே வாசகிக்கு வயிற்றைப் பிசைகிறது. மூன்று மாதத்தில் ராஜினாமா செய்துவிட்டு, ஓய்வுக்காலச் சேமிப்பை எடுத்துப் பெரிய சூளை வாங்கி, வாடகைக்கு ஒரு பட்டறை பிடிக்க நினைக்கிறார். கைச்சேமிப்பு ஒரு வருடச் செலவுக்குத் தாங்கும் என்கிறார். கணவரோ, "இது பொழுதுபோக்காகவே இருக்கட்டும்" என்கிறார். மூத்த மகள் இரண்டு ஆண்டுகளில் கல்லூரிக்குப் போக வேண்டும். "விட்டால் முழுதாக விட வேண்டும், இல்லையென்றால் இந்த ஆசை செத்துவிடும். இப்போது விட்டால்தான் உண்டு. நான் சுயநலக்காரியா?" என்று கேட்டிருக்கிறார். ராஜினாமாக் கடிதத்தில் உண்மைக் காரணத்தை எழுதலாமா என்பது கடைசிக் கேள்வி.

அன்புள்ள சகோதரி,

நீங்கள் சுயநலக்காரி இல்லை. 16 ஆண்டுகள் ஒரு குடும்பத்தின் பாதிச் சுமையைத் தூக்கிய ஒருவர், மிச்சமிருக்கும் உழைப்புக் காலத்தைத் தனக்குப் பிடித்த விதத்தில் செலவிட ஆசைப்படுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த ஆசையை நான் மதிக்கிறேன். அதனால்தான் உங்கள் திட்டத்தில் சில இடங்களில் குறுக்கே நிற்கப் போகிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. மேலாளரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், எந்தக் கூட்டத்தில் என்ன சொன்னார் என்பது வரை. மண்பாண்டத்தைப் பற்றி அரைப் பக்கம்தான், அதிலும் பாதி கண்காட்சியைப் பற்றியது. நீங்கள் ஒன்றை நோக்கிப் போகிறீர்களா, ஒன்றிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்டால், இப்போதைக்கு இரண்டாவதுதான் பலமாக இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. நாளைக் காலை அந்த மேலாளர் மாற்றலாகிப் போய், தன்மையான ஒருவர் வந்து உட்காருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் மூன்று மாதத்தில் ராஜினாமா செய்வீர்களா? "அப்படியானால் ஒரு வருடம் பொறுக்கலாம்" என்று மனம் சொன்னால், உங்களிடம் இருப்பவை இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். சக்கரத்தைக் கொண்டு மேலாளர் பிரச்சினையைத் தீர்க்க முடியாது.

மேலாளர் விஷயத்தைத் தள்ளிப் போடவும் வேண்டாம். அவர் பேசியதைத் தேதியுடன் எழுதி வையுங்கள், நள்ளிரவுச் செய்திகளை அழிக்காதீர்கள், மனிதவளத் துறைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வேறு பிரிவுக்கு மாற்றல் கேளுங்கள். தூக்கமும் உடம்பும் கெடுகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். அந்த இடத்தை விட்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் வேறொரு நிறுவனத்துக்குப் போகலாம். 16 ஆண்டுக் கணக்கு அனுபவத்துக்கு வெளியே மதிப்பு இருக்கிறது. அடிபட்ட மனத்தோடு அவசரமாகத் தொடங்கும் தொழிலில், வாடிக்கையாளர் ஒருவர் கடுமையாகப் பேசினால்கூடத் தாங்க முடியாமல் போய்விடும்.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்

"முழுதாக விட வேண்டும்" என்ற உங்கள் எண்ணத்தைத்தான் முதலில் திருத்த வேண்டும். இரண்டிலும் கால் வைத்தால் எதிலும் உருப்பட முடியாது என்று நமக்குச் சொல்லியே வளர்த்திருக்கிறார்கள். ஆராய்ச்சி வேறு மாதிரி சொல்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் ராஃபி, ஜீ ஃபெங் இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. சம்பள வேலையில் இருந்துகொண்டே சொந்தத் தொழிலைத் தொடங்கி, பிறகு முழுநேரமாக மாறியவர்கள், எடுத்த எடுப்பிலேயே வேலையை விட்டவர்களைவிடத் தொழிலைக் கைவிடும் அபாயத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தார்கள். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். சம்பளம் வரும்போது பரிசோதித்துப் பார்க்கலாம், தவறான ஆர்டரை மறுக்கலாம், தனக்கு இது ஒத்துவருமா என்று அதிகம் இழக்காமல் தெரிந்துகொள்ளலாம்.

இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸ் குழாய் பொருத்தும் வேலை செய்தார், டாக்சி ஓட்டினார். அவருடைய இசைநாடகம் 1976-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அரங்கில் மேடையேறிய பிறகும் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார். கவிஞர் டி. எஸ். எலியட் 1917 முதல் 1925 வரை லண்டனில் வங்கி ஊழியர். அந்த ஆண்டுகளில் அவர் எழுதியவற்றை உலகம் இன்றும் படிக்கிறது. இவர்களுக்குத் தங்கள் கலைமேல் பற்று குறைவாக இருந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வேலையை வைத்துக்கொண்டிருப்பதால் ஆசை செத்துவிடாது. கடன்காரர் வாசலில் நிற்கும்போதும், பிடிக்காத ஐம்பது கிண்ணங்களைப் பணத்துக்காக வனையும்போதும்தான் அதற்கு ஆபத்து.

ஒரு கோப்பையின் கணக்கு

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர். கடிதத்தில் சூளையின் விலை இருக்கிறது, பட்டறை வாடகை இருக்கிறது. ஒரு கோப்பை செய்ய என்ன ஆகிறது என்பது மட்டும் எங்கும் இல்லை. எடுத்துக்காட்டாக, கைப்பிடி வைத்த 40 கோப்பைகளை எடுத்துக்கொள்வோம். நேரங்கள் நான் போட்டவை, உங்கள் கை வேகம் உங்களுக்குத்தான் தெரியும்.

மண்ணைக் காற்றுக்குமிழி இல்லாமல் பிசைய 2 மணி நேரம். சக்கரத்தில் வனைய 5 மணி நேரம். ஓரளவு இறுகிய பின் மறுநாள் கவிழ்த்து வைத்து அடியைச் சீவ 4 மணி நேரம். கைப்பிடி இழுத்து ஒட்ட இன்னும் 4. பிறகு மெல்லக் காய வேண்டும். கைப்பிடி முந்திக் காய்ந்து உடல் பிந்தினால் ஒட்டிய இடத்தில் மயிரிழை போல் விரிசல் விடும், அதுவும் சில சமயம் சுட்டு எடுத்த பிறகுதான் தெரியும். முதல் முறை சுட்டு எடுத்து, பூச்சுக் கொடுக்க 5 மணி நேரம். இரண்டு முறையும் சூளையில் அடுக்கி இறக்க 3. இதுவரை 23 மணி நேரம். வெடித்தது, பூச்சு வழிந்து தட்டோடு ஒட்டிக்கொண்டது என்று ஆறு போனால் கையில் 34. அவற்றைப் படம் எடுத்து, விசாரிப்பவர்களுக்குப் பதில் எழுதி, உடையாமல் பொதிந்து அனுப்பி, பணம் வந்ததா என்று பார்த்துக் கணக்கு எழுத 11 மணி நேரம். மொத்தம் 34 மணி நேரத்தில் 34 கோப்பைகள். ஒரு கோப்பைக்கு ஒரு மணி நேரம்.

இப்போது நீங்கள் வாங்கும் விலையிலிருந்து மண், பூச்சு, சூளைக் கட்டணம், பொதியும் செலவு ஆகியவற்றைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் உங்கள் ஒரு மணி நேரக் கூலி. அதை இன்றைய சம்பளத்தின் ஒரு மணி நேரத்தோடு ஒப்பிடுங்கள். பட்டறை வாடகை இன்னும் இந்தக் கணக்கில் ஏறவில்லை. கண்காட்சியில் எல்லாம் ஒரே நாளில் விற்றது மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அதற்கு விலை குறைவாக இருந்ததும் காரணமாக இருக்கலாம். அடுத்த முறை உங்கள் நேரத்துக்கும் கூலி சேர்த்து விலை வையுங்கள். நண்பர்களும் சக ஊழியர்களும் வாங்குவதில் உங்கள்மேல் உள்ள அன்பும் கலந்திருக்கிறது. அந்தப் புதிய விலையில், உங்களை அறியாத ஒருவர் வாங்கி, அவரே மறுபடி வந்து இன்னொன்று கேட்கிறாரா என்று பாருங்கள். எனக்கு நம்பிக்கை தரும் அடையாளம் அந்த இரண்டாவது ஆர்டர்தான்.

அந்த 34 மணி நேரத்தில் நீங்கள் சக்கரத்தின் முன் உட்கார்ந்தது, அடி சீவுவதையும் சேர்த்து, 9 மணி நேரம். "பிடித்ததைச் செய்தால் வேலை செய்வதுபோலவே இருக்காது" என்று எழுதியிருக்கிறீர்கள். முழுநேரத் தொழிலாக்கினால் உங்கள் வாரத்தில் நான்கில் ஒரு பங்குதான் அந்தப் பிடித்த வேலை. மீதியில் கடைக்காரர், எழுத்தர், பொதி கட்டுபவர் எல்லாம் நீங்கள்தான். இது சிலருக்குப் பிடித்துப் போகிறது, உங்களுக்கும் பிடிக்கலாம். ஆனால் தெரிந்து போக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் படம் வரைய விருப்பமுள்ள சிறு குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வை 1973-இல் வெளியிட்டார்கள். வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்த குழந்தைகள், பின்னர் தாமாக வரைவதில் நாட்டம் குறைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. குழந்தைகளிடம் கண்டதைப் பெரியவர்களுக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் தொழிலாக்கியவர்களிடம் இதன் சாயலை நான் பார்க்கிறேன். ஆகவே எந்த ஆர்டருக்கும் சேராத, விற்கவே போகாத சில பாண்டங்களை மாதாமாதம் வனையும் வழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

சேமிப்பு உண்மையில் எத்தனை மாதம்?

ஒரு வருடம் தாங்கும் என்கிறீர்கள். மாதச் செலவை 100 என்று கொண்டால் 1200 இருக்கிறது என்று பொருள். ஆண்டுக்கொருமுறை வரும் காப்பீட்டுத் தவணை, கல்விக் கட்டணம், வீட்டுப் பழுது ஆகியவற்றைப் பன்னிரண்டால் வகுத்து அந்த 100-இல் சேர்த்தீர்களா? நிறுவனம் இதுவரை உங்களுக்காகக் கட்டிவந்த மருத்துவக் காப்பீடும், ஓய்வுக்கால நிதியில் அதன் பங்கும் நின்றுபோகுமே, அதைச் சேர்த்தீர்களா? இவற்றால் மாதச் செலவு 125 ஆனால், அதே சேமிப்பு ஒன்பதரை மாதத்தில் தீர்ந்துவிடும். வருடக் கடைசிதானே என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும்போது பணம் முடிந்திருக்கும். மருத்துவக் காப்பீட்டை வேலையில் இருக்கும்போதே சொந்தப் பெயரில் எடுத்து, அதில் உள்ள காத்திருப்புக் காலத்தையும் படித்துப் பாருங்கள்.

ஓய்வுக்காலச் சேமிப்பைத் தொட வேண்டாம். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். ஆண்டுக்கு 7 விழுக்காடு வளரும் பணம் 19 ஆண்டுகளில், அதாவது உங்களுக்கு 60 வயதாகும்போது, மூன்றரை மடங்குக்கு மேல் ஆகியிருக்கும். சூளைக்குக் கொடுப்பது இன்றைய தொகையை மட்டும் அல்ல. பெரிய மின்சூளைக்குப் பல இடங்களில் தனி மும்முனை மின் இணைப்பும் காற்றோட்டமான இடமும் வேண்டும், அதுவும் செலவு. இப்போது இன்னொருவர் சூளையில் இடத்துக்குக் காசு கொடுத்துச் சுடுகிறீர்களே, அது நல்ல ஏற்பாடு. அந்தச் சூளையில் இடம் கிடைக்காமல் ஆர்டர்கள் தேங்கி நிற்கும் நாள் வரட்டும், சூளை அப்போது வாங்கலாம், அதுவும் சிறியதாக. முதலிலேயே அகலக் கால் வைத்தவர்கள்தான் வாடகைக்காகவே உழைக்கும் நிலைக்கு வந்து சேர்கிறார்கள்.

உடம்பும் ஒப்பந்தமும்

வார இறுதியில் நான்கு மணி நேரம் குனிந்து உட்காருவது வேறு, வாரத்துக்கு ஐந்து நாள் உட்காருவது வேறு. மணிக்கட்டும் இடுப்பும் என்ன சொல்கின்றன என்று தெரிந்துகொள்ள, சேர்ந்திருக்கும் விடுப்பில் இரண்டு வாரம் எடுத்து, முழுநேரக் குயவராக வாழ்ந்து பாருங்கள், பொதிகட்டும் நாள்கள் உட்பட. காய்ந்த மண் தூளில் சிலிக்கா இருக்கிறது. அதைப் பல ஆண்டுகள் சுவாசித்தால் நுரையீரலில் குணமாகாத தழும்பு விழும். பின்னறையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். வாய் வைத்துக் குடிக்கும் பாத்திரத்தை விற்கிறீர்கள் என்பதால், பூச்சு உணவுக்கு ஏற்றதுதானா என்பதையும் சோதித்து எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வேலை ஒப்பந்தத்தை எடுத்து, வெளி வருமானம் பற்றிய பகுதியைப் படியுங்கள். சில நிறுவனங்கள் முன் அனுமதி கேட்கும், சில முற்றிலும் தடுக்கும். ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக், அதன் முதல் கணினியை வடிவமைத்தபோது ஹியூலெட்-பேக்கார்ட் என்ற மின்னணு நிறுவனத்தில் ஊழியர். அது நிறுவனத்துக்குச் சேர வேண்டியது என்று கருதி முதலில் அவர்களிடமே கொடுக்க முன்வந்தார், அவர்கள் வேண்டாம் என்ற பிறகுதான் தன் வழியில் போனார். 1976-இல் ஆப்பிளைத் தொடங்கிய பின்னும் சில மாதங்கள் அந்த வேலையில் இருந்தார். மண்பாண்டத்துக்கும் கணக்கு வேலைக்கும் போட்டி இல்லை என்பதால் உங்களுக்குச் சிக்கல் குறைவுதான். ஆனால் சக ஊழியர்களுக்கு விற்பதை அலுவலக நேரத்தில், அலுவலக மின்னஞ்சலில் செய்யாதீர்கள். இப்போதைய மேலாளருக்கு அது ஒரு கைப்பிடியாகிவிடும். அறிவிப்புக் காலம் எவ்வளவு, எடுக்காத விடுப்புக்குப் பணம் உண்டா, இத்தனை ஆண்டுப் பணிக்கொடை எப்போது வரும் என்பவற்றையும் ராஜினாமாவுக்கு முன்பே எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கணவரிடம் எப்படிப் பேசுவது?

"பொழுதுபோக்காகவே இருக்கட்டும்" என்று அவர் சொன்னதை உங்கள் கலையை மட்டம் தட்டியதாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். மகளின் கல்லூரிக் கட்டணம் அவர் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம். "உனக்கு என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "எந்தத் தொகைக்குக் கீழே சேமிப்பு போனால் உங்களுக்குத் தூக்கம் வராது?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணைக் காகிதத்தில் எழுதுங்கள். மகளின் படிப்புக்கான பணத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். எந்தத் தேதிக்குள் பட்டறை வருமானம் எவ்வளவு வர வேண்டும், வராவிட்டால் மறுபடி சம்பள வேலை தேடுவது எப்போது என்பதை இன்று, மனம் தெளிவாக இருக்கும்போதே, இருவரும் முடிவு செய்யுங்கள். பணம் கரையும்போது எடுக்கும் முடிவில் பிடிவாதம் கலந்துவிடும்.

"இப்போது விட்டால்தான் உண்டு" என்பதும் சரியில்லை. பியர் அசூலே உள்ளிட்ட பொருளியல் அறிஞர்கள் அமெரிக்கத் தொழில்களை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட கட்டுரையில், மிக வேகமாக வளர்ந்த நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45. அவை உங்கள் பட்டறையைப் போன்றவை அல்ல, ஆனாலும் 41-இல் கதவு மூடிக்கொண்டிருப்பதாக நினைக்க ஒரு காரணமும் இல்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், மூன்று மாதத்தைப் பன்னிரண்டு மாதமாக்குவேன். முதல் வேலையாக மேலாளரிடமிருந்து விலகும் வழியைத் தேடுவேன். மண்பாண்ட வருமானத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கி, வீட்டுப் பணம் அதில் கலக்காமல் பார்த்துக்கொள்வேன். புதிய விலையில் அந்நியர்களுக்கு விற்றுப் பார்ப்பேன். தொடர்ந்து ஆறு மாதம், செலவு போக, சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்காவது அந்தக் கணக்கில் நின்றால், நிறுவனத்தில் வாரம் மூன்று நாள் வேலைக்கு மாற முடியுமா என்று கேட்பேன், அல்லது சிறு தொழில்களுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கத் தொடங்குவேன். கணக்கு எழுதுவது என்ற இரண்டாவது தொழில் உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது, அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மூன்றில் ஒரு பங்கு என்பது என் அனுபவத்தில் தோன்றும் எல்லை. உங்கள் குடும்பத்துக்கு வேறு எண் பொருந்தினால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு மாதம் பார்த்தபின், வார இறுதி மண்ணே போதும், தொழிலாக வேண்டாம் என்று தோன்றினால் அதையும் தோல்வியாக நினைக்காதீர்கள்.

கடைசிக் கேள்வி, ராஜினாமாக் கடிதம். அந்த நாள் வரும்போது நான்கு வரி போதும்: பதவியிலிருந்து விலகுகிறேன், கடைசி வேலை நாள் இன்னது, பொறுப்புகளை இன்னாரிடம் ஒப்படைக்கிறேன், நன்றி. மேலாளர் பற்றிய புகாரை அதில் எழுதாதீர்கள். அது இருக்க வேண்டிய இடம் மனிதவளத் துறைக்கு நீங்கள் தனியாக அனுப்பும் கடிதம், அதையும் ராஜினாமாவுக்கு வெகு முன்பே அனுப்பியிருக்க வேண்டும். மண்பாண்டத் தொழிலைப் பற்றியும் எழுதத் தேவையில்லை, யாராவது நேரில் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். ஒப்படைப்பைச் சுத்தமாகச் செய்து, அனுபவச் சான்றிதழையும் நிலுவைக் கணக்கையும் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.